உணர்ச்சியும் அறிவும்: முடிவெடுக்கும் வேளையில்

எதையும் எண்ணிப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று தேர்ந்து கொள்ளும் ஆற்றல் மனிதப் பிறவிக்கு வாய்த்த தனிப்பேறு என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் நம் வாழ்நாளில் நாம் எடுத்த முடிவுகளைத் திரும்பிப் பார்த்தால், அவற்றுள் எத்தனை எண்ணி எடுத்தவை, எத்தனை அன்பாலோ அச்சத்தாலோ கோபத்தாலோ எடுத்தவை என்று பிரித்துச் சொல்வது கடினம். மகளைப் பட்டணத்துப் பள்ளி விடுதிக்கு அனுப்புவதா, கண்முன்னே வைத்துக் கொள்வதா? ஓய்வுக்காலப் பணத்தை அப்படியே விட்டு வைப்பதா, மகனுக்கு ஒரு லோரி வாங்கித் தருவதா? கோயில் திருப்பணிக்கு எழுதுவதா, பக்கத்து லயத்துப் பிள்ளையின் படிப்புக்கு எழுதுவதா? இவை கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு எழுந்த கேள்விகள், இன்றும் எழுகின்றவை.

உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு கெடுக்கும், அறிவைக் கொண்டு எடுத்த முடிவு காக்கும் என்று ஒரு வாய்பாடு நம்மிடையே வழங்கி வருகிறது. இது பாதி உண்மையே. மற்றப் பாதியைப் பற்றி நன்கொடையாளப் பெருமக்களோடும் பக்த அன்பர்களோடும் சற்றுச் சிந்திக்கவே இக்கட்டுரை.

நம் சமய நூல்கள் இதில் அவசரப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது. சைவ சித்தாந்தம் அந்தக்கரணங்கள் என்று நான்கைச் சொல்கிறது. மனம் ஒன்றைப் பற்றி, இதுவோ அதுவோ என்று ஐயுறும். புத்தி இதுதான் என்று நிச்சயிக்கும். அகங்காரம் 'நான்' என்று முனைந்து எழும். சித்தம் சிந்திக்கும். நான்கும் சேர்ந்தே ஒரு முடிவு பிறக்கிறது. கடோபநிடதம் இதையே தேர் உருவகத்தால் விளக்குகிறது. உடல் தேர், ஆன்மா அதில் அமர்ந்து செல்பவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். குதிரைகளை அடக்கி ஓட்டச் சொன்னார்களே அன்றி, அவிழ்த்து விட்டுவிடச் சொல்லவில்லை. குதிரையில்லாத தேர் கவிழாதுதான். ஆனால் அது ஊர் போய்ச் சேராது.

ஊர் போய்ச் சேராத ஒரு தேரைப் பற்றி மருத்துவ உலகில் ஒரு பதிவு உண்டு. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ, 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எலியட் என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். மூளையின் முன்பகுதியில் வளர்ந்த கட்டியை அறுவை செய்து நீக்கியபின் அவர் உயிர் பிழைத்தார். பேச்சு, நினைவாற்றல், கணக்கு எதிலும் குறையில்லை. அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகவே தேறினார். ஆனால் உணர்ச்சி வற்றிவிட்டது. தம் துன்பத்தையே யாரோ ஒருவருடைய கதையைப்போல் சொல்லுவாராம். உணர்ச்சித் தொல்லை நீங்கிய மனிதர் தெளிவான முடிவுகளை எடுப்பார் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. அலுவலகத்தில் காகிதங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலேயே அரை நாள் போய்விடும். வேலை போயிற்று, சேமிப்பு போயிற்று, குடும்பமும் பிரிந்தது. அதே வகையில் பாதிக்கப்பட்ட இன்னொருவரிடம் அடுத்த முறை வர இரண்டு தேதிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏறத்தாழ அரை மணி நேரம் இரண்டு நாட்களின் சாதக பாதகங்களையும் அடுக்கிக்கொண்டே இருந்தார், முடிவுக்கு வரவில்லை. மருத்துவரே இரண்டாவது தேதியைச் சொன்னதும் "சரி" என்று எழுந்து போய்விட்டார்.

எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முதலில் தொட்டுக் காட்டுவது உணர்ச்சி. அது தொட்டுக் காட்டியபின்தான் அறிவுக்கு வேலை. எல்லாம் ஒரே எடையாகத் தோன்றும் ஒருவனுக்கு எத்தனை அறிவு இருந்தும் தராசு சாயாது.

அப்படியானால் உணர்ச்சி சொல்வதை எல்லாம் நம்பலாமா? இதற்கு விடை காண நாம் ஐயோவா வரை போக வேண்டியதில்லை. நம் தோட்டத்துத் தேயிலை ஆலைக்குள் நுழைந்தால் போதும்.

வில்லியம் கேமரன் 1885 இல் நில அளவைக்கு வந்த இம்மலைப் பகுதியில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929 இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்த கைகளுள் தமிழ்க் கைகள் ஏராளம். பறித்து வந்த கொழுந்தை வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றுப்பட விட்டு வைப்பார்கள். அப்போது பச்சை இலை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும். சரியான கணத்தில் அதைச் சூட்டில் உலர்த்திவிட வேண்டும். முந்தினால் தேநீர் கசந்து நிற்கும். பிந்தினால் சாரமற்றுப் போகும். கடிகாரம் உண்டு, வெப்பமானி உண்டு. ஆனால் மழை நாள் இலை வேறு, வெயில் நாள் இலை வேறு. பழகிய ஆலைக்காரர் ஒரு கைப்பிடி இலையை அள்ளி முகர்ந்து பார்த்து "இப்போது" என்பார். ஏன் என்று கேட்டால் அவரால் விளக்கிச் சொல்ல முடியாது.

அவர் மூக்கை நம்பலாம். காரணம், அது ஆயிரக்கணக்கான தடவை சோதிக்கப்பட்ட மூக்கு. காலையில் எடுத்த முடிவின் பலன் அன்றைக்கே தேநீர்க் கோப்பையில் தெரிந்துவிடும். தவறினால் மறுநாள் திருத்திக் கொள்ளலாம். டேனியல் கானமன், கேரி கிளைன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2009 இல் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் கூறுகிறது. கானமன் உள்ளுணர்வின் பிழைகளை ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றவர். கிளைன், தீயணைப்பு வீரர்கள் போன்றோரின் உள்ளுணர்வை வியந்து எழுதியவர். எதிரெதிர் அணியிலிருந்த இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: நிகழ்ச்சிகள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு நடக்கும் துறையில், நெடுநாள் பழகி, தன் தவற்றை உடனுக்குடன் கண்டு திருத்திக்கொண்டவனின் உள்ளுணர்வு நம்பத் தக்கது. பழக்கமில்லாத இடத்தில் அதே மனிதனின் உள்ளுணர்வு வெறும் ஊகம். கொடுமை என்னவென்றால், இரண்டும் உள்ளத்துக்குள் ஒரே மாதிரிதான் தோன்றும். தெரிந்த இடத்தில் எழும் உறுதிக்கும் தெரியாத இடத்தில் எழும் உறுதிக்கும் நெஞ்சில் ஒரே சூடு.

மலேசியத் தமிழர் வரலாற்றில் இந்த இரண்டுக்கும் இரண்டு பெரிய எடுத்துக்காட்டுகள் உண்டு.

1957 இல் நாடு விடுதலை பெறுவதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் வேதனையோடு சொல்வது இதைத்தான். இது முதன்மையாக ரப்பர்த் தோட்டங்களில் நிகழ்ந்தது. ஆனால் அதன் அச்சம் எந்தத் தோட்டத்துக்கும் பொதுவானது. ஏனெனில் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டைக் காலி செய்ய ஓர் அறிவிப்பு போதும். பேராசிரியர் உங்கு அசீஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கையே எழுதினார்.

இந்த நிலையில்தான் 1960 இல் வீ. தி. சம்பந்தன் (பின்னாளில் துன் சம்பந்தன்) தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கொடுங்கள், 100 வெள்ளி ஒரு பங்கு, சேர்ந்த பணத்தில் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். அந்நாளில் தோட்டப் பாட்டாளியின் வருமானத்தில் 10 வெள்ளி என்பது அடுப்படியை நேரே தொடும் தொகை. 1961 இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து மேலும் தோட்டங்கள் வந்தன.

பாட்டாளிகளை 10 வெள்ளி எடுக்க வைத்தது கணக்கா? இல்லை. வீடு போய்விடுமே என்ற அச்சமும், தங்களிடம் வந்து நின்ற ஒருவர்மீது வைத்த நம்பிக்கையும்தான். உணர்ச்சி முடிவு என்று எவரும் குறை கூறியிருக்கலாம். ஆனால் அவர்கள் வாங்கியது எது? தாம் நின்று கொண்டிருந்த மண். எந்த நிரை பால் தரும், எது தராது, எந்தச் சரிவில் மண் சரியும், தண்டல் எவ்வளவு பால் நிறுத்துகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மேலாளரைவிட நன்றாகத் தெரியும். தங்கள் உழைப்பிலேயே தோட்டம் கூலியும் தந்து லாபமும் தருகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பழகிய அறிவின்மேல் நின்ற உணர்ச்சி அது; ஆலைக்காரரின் மூக்கைப் போன்றது.

மற்றொன்று மைக்கா ஹோல்டிங்ஸ். 1980களின் தொடக்கத்தில் நாட்டின் பொருளாதாரத்தில் இந்தியரின் பங்கை உயர்த்துவோம் என்ற முழக்கத்தோடு தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில், ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கும் மேல் முதலீடு செய்தனர். அவர்களுள் தோட்டப் பாட்டாளிகள் பலர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. நெடுங்காலம் இழுபட்டபின், 2010 இல் பங்கு ஒன்றுக்கு 80 காசு விலையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஒரு வெள்ளி போட்டவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து 80 காசு. அதே 1980களில், 1983 முதல் 1987 வரை, ஊழியர் சேம நிதி ஆண்டுதோறும் 8.5 விழுக்காடு லாப ஈவு வழங்கி வந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

இரண்டு முறையும் கேட்டது ஒரே சமுதாயம். எழுந்தது ஒரே இனப்பற்று. முதல் முறை கொடுத்தவர் ஏமாளியும் அல்லர், இரண்டாம் முறை கொடுத்தவர் பேராசைக்காரரும் அல்லர். வேறுபாடு, உணர்ச்சிக்குக் கீழே பழகிய அறிவு இருந்ததா என்பதில்தான். ரப்பர் மரத்தை அறிந்த கண்ணுக்கு நிறுவனத்தின் வரவு செலவுப் பட்டியல் தெரியாது. அது அவர்கள் குற்றமன்று. தெரிந்தவர் சிலராவது அருகிலிருந்து, பொறுங்கள், முதலில் இதைப் படித்துக் காட்டுகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். சமுதாயத்தில் படித்தவர்களுக்கு உள்ள கடமைகளுள் இதைவிடப் பெரிது எது என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கும் இதே நிலை வேறு உருவில் வருகிறது. 55 வயதில் ஊழியர் சேம நிதியிலிருந்து மொத்தப் பணத்தையும் எடுக்கலாம். வாழ்நாளில் ஒரே முறை கைக்கு வரும் பெருந்தொகை அது. ஒரே முறை வருவதால்தான் அதில் யாருக்கும் பழக்கம் இல்லை! மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்த வேண்டும் என்று நெஞ்சு சொல்லும். மகன் காய்கறி ஏற்ற லோரி கேட்பான். லயத்து வீட்டை விட்டபின் எங்கே குடியிருப்பது என்ற கேள்வி மட்டும் யார் வாயிலும் வராது. கானமனும் அவருடைய தோழர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் எழுதிய ஆய்வின் சாரம், கைக்கு வரும் லாபத்தின் இன்பத்தைவிட அதே அளவு இழப்பின் வலி நம்மை அதிகமாக அசைக்கிறது என்பது. உறவினர் முன் மதிப்பை இழப்போமோ என்ற வலி இன்றே உறைக்கிறது. 65 வயதில் வாடகைக்கு அலையும் வலி தொலைவில் இருக்கிறது. எனவே இன்றைய வலி வென்று விடுகிறது. பணம் கைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னரே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து, வீட்டுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

இனி, இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு மிக நெருங்கிய பொருளாகிய ஈகைக்கு வருவோம்.

2007 இல் அமெரிக்காவில் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வில் கலந்து கொண்டவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து, விருப்பமானதை அறத்துக்கு வழங்கலாம் என்றனர். ஒரு குழுவுக்கு மாலி நாட்டில் பசியால் வாடும் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் நிலைமையையும் காட்டினர். மற்றொரு குழுவுக்கு ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கானோர் பசியில் வாடும் புள்ளிவிவரத்தைக் காட்டினர். சிறுமிக்குக் கிடைத்தது புள்ளிவிவரத்துக்குக் கிடைத்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். மூன்றாவது குழுவுக்குச் சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்தே காட்டினர். கொடை கூடியிருக்க வேண்டும் அல்லவா? குறைந்து போயிற்று. கணக்கு உள்ளே வந்ததும் கருணை ஓர் அடி பின்வாங்கிவிட்டது.

நம் கோயில்களிலும் இது கண்கூடு. கும்பாபிஷேகம் என்றால் நன்கொடை வந்து குவியும். கோயில் கூரையின் ஓட்டை அடைக்க, மின்கட்டணம் கட்ட, குருக்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க என்றால் பற்றுச்சீட்டுப் புத்தகம் கனக்காது. குழல்விளக்கு உபயம் செய்தவர் தம் பெயரை அதன்மீதே பெரிதாக எழுதி வைத்து வெளிச்சத்தை மறைத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அங்கே எழுதியது மனமா, அகங்காரமா என்பதை அந்தக்கரணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

தமிழ் மரபு இதில் ஒரு வியப்பான சொல்லைத் தந்திருக்கிறது: கொடைமடம். மடம் என்றால் அறியாமை. தகுதியும் தேவையும் ஆராயாமல் அள்ளிக் கொடுக்கும் பேதைமையைச் சங்கப் புலவர்கள் புகழ்ந்தே பேசினர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் அதற்கு உதாரணம். முல்லைக்கு ஒரு கொம்பு போதுமே என்று கணக்குப் பிள்ளை கேட்கலாம். ஆனால் பாரி கொடுத்தது தன் தேர். தன் பொருளைத் தன் உள்ளம் இளகிய கணத்தில் கொடுப்பவனிடம் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கொடையாளிக்குக் கொடைமடம் அழகு.

அறவாரியத்தின் பொறுப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் கொடுப்பது பிறர் தேர். கொழுந்து பறித்தவரும், சந்தையில் காய்கறி விற்றவரும் உண்டியலில் இட்ட வெள்ளி அது. கீதை பதினேழாம் அத்தியாயத்தில் சாத்துவிக தானத்துக்கு இடம், காலம், பாத்திரம் மூன்றையும் சொல்வது இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது. திருவள்ளுவரின் அதிகார வரிசையையும் பாருங்கள். 22 ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். அதையடுத்துத்தான் 23 ஆவதாக ஈகை. முதலில் அறிதல், பிறகு கொடுத்தல். பொருட்பாலில் 58 ஆவது அதிகாரம் கண்ணோட்டம், அதாவது இரக்கம். அடுத்த 59 ஆவது அதிகாரம் ஒற்றாடல், அதாவது உண்மை நிலையை விசாரித்து அறிதல். அரசனுக்கு இரக்கத்தைச் சொன்ன கையோடு விசாரணையைச் சொல்கிறார். இந்த வைப்புமுறையைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் இசையவில்லை.

அறப்பணிக் குழுக்களில் இதை நடைமுறைப்படுத்த எளிய வழி ஒன்றுண்டு. உதவி கேட்டு வரும் குடும்பத்தை ஒரு கூட்டத்தில் நேரில் அமர வைத்துக் கேட்பது; ஆனால் தொகையை அன்றே முடிவு செய்யாமல், இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தபின் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது. முதல் கூட்டத்தில் கண் கலங்கினால் கலங்கட்டும். கலங்காதவர் குழுவில் இருந்து பயனில்லை. கல்வி நிதியாயின், எத்தனை பிள்ளைகள் கேட்டனர், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், அவர்கள் படிப்பை முடித்தார்களா என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தல் வேண்டும். ஆலைக்காரருக்குத் தேநீர்க் கோப்பை எப்படியோ, குழுவுக்கு அந்த ஏடு அப்படி. பத்து ஆண்டு ஏடு எழுதிய குழுவின் உள்ளுணர்வை நம்பலாம்.

இரண்டு கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாத வேளையும் உண்டு. தோட்டத்தில் இரவு ஒரு சாவு விழுந்து, பெட்டிக்கும் வண்டிக்கும் வீட்டில் காசில்லை என்றால், செயலாளர் யாரையும் கேட்காமல் அன்றிரவே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்பதை மட்டும், எந்த வீட்டிலும் அழுகை இல்லாத ஒரு பகற்பொழுதில் எல்லோரும் கூடிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.